நாகலூர், இரண்டாம் பாதி

இருபது வளைவும் வயிற்றைப் புரட்ட
நாகலூரில் இறங்கினேன்.
டிக்கெட் இல்லை, கேலரி இல்லை.
சுண்ணாம்புக் கோட்டைப் பாதிவரை
ஆடுகள் மிதித்து அழித்திருந்தன.
எஸ்டேட் அணிக்கு எதிராக
சூரமங்கலம் ரயில்வே காலனி ‘பி’.
பார்க்க வந்தவர்கள் பதினேழு பேர்,
நாயைச் சேர்த்தால்.

ஐம்பத்திரண்டாம் நிமிடம்
சடையப்பன் ஓங்கி உதைத்தது
கோலைத் தாண்டி, சில்வர் ஓக்கைத் தாண்டி
காப்பிச் சரிவில் உருண்டது.
இருந்ததே ஒரு பந்து.
ரெஃப்ரி சேசுராஜ் கடிகாரத்தை நிறுத்தி
டிராக் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
முதலில் இறங்கினார்.
பின்னால் இரண்டு அணியும்.

பனி ஏறிக்கொண்டிருந்தது.
மஞ்சள் சட்டை எது, நீலம் எது
ஒன்றும் தெரியவில்லை.
“கார்னர்டா அது”
“உன் தலை, கோல்கிக்”
குரல்கள் மட்டும்
செடிக்குச் செடி சண்டை போட்டன.

என் காலில்தான் இடித்தது.
ஈரம், சேறு,
ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது.
கூப்பிட்டிருக்கலாம்.

நாற்பத்தொரு மைதானம் பார்த்து
நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்,
தேதி, கோல், டீ விலை உட்பட.
ஒரு பந்தைத் தொட்டதில்லை.

மேலே, சேலம் போகும் கடைசி பஸ்
இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.
இன்னும் கொஞ்சம் தேடட்டும் என்று
அதை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தேன்.