ஒன்று, மூன்று, இரண்டு

பழைய எஞ்சின் இன்னும் வண்டியில்தான் இருந்தது.
மேடு ஏறினால் பின்னால் நீலப்புகை,
பூச்சி மருந்து அடிப்பதுபோல.
கருங்கலில் இருந்து இரணியல் வரை
விடியுமுன் ஒன்பது வீடு, ஒன்பது ஊசி,
ஐஸ் டப்பாவில் ஒன்பது வீட்டு ரத்தம்.
வண்டி நின்றால் என் மாதம் நிற்கும்.
ஆகவே அதை ஓட்டிக்கொண்டே
அதற்கு மாற்று வாங்கினேன்.

திருவிதாங்கோட்டு நூகு கண்ணுவின் ஆக்கர் கடையில்
மழையில் கிடந்த மூன்று சிலிண்டர்.
"ஓடின எஞ்சினாக்கும் பிள்ளே" என்றார்.
அங்கே கிடந்த எல்லாமே
ஒருகாலத்தில் ஓடினதுதான்.

இடவப்பாதி. பால்வெட்டு இல்லை.
ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினை ஓரம் தள்ளிக்
கொட்டகையில் இடம் பிடித்தேன்.
ஆசிட் வாடைக்கு மேலே மண்ணெண்ணெய் வாடை.
ஹெட்டைக் கழற்றினால்
இரண்டாம் சிலிண்டரில் தேங்கிய வெள்ளம்,
அதில் ஒரு கொசுப்புழு நெளிகிறது.
டெங்கு பார்க்கிற கார்டு என் பையில் உண்டு.
எஞ்சினுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

தக்கலை லேத்தில் சுவாமிதாஸ்
போரைக் கால் மில்லி கூட்டிக் கடைந்தார்.
கிராங்கை உருட்டி உருட்டிப் பார்த்து
"கொள்ளாம்" என்றார்.
பிறகு பில் எழுதினார்.
எழுதிக்கொண்டே இருந்தார்.

பிஸ்டன் ரிங்கின் வாயில் ஃபீலர் தகட்டை நுழைத்தேன்.
மூன்று தலைமுடிக் கனம் இடைவெளி.
கைக்குழந்தையின் நரம்பைத் தடவியே
கண்டுபிடிக்கிற விரல் இது.
நரம்பு விரலடியில் துள்ளும்.
தப்பினால் பிள்ளை வீறிட்டுச் சொல்லிவிடும்.
இரும்பு அப்போது ஒன்றும் சொல்லாது,
ஆயிரம் கிலோமீட்டர் கழித்து
ஆளில்லாத வளைவில் சொல்லும்.

டார்க் ரெஞ்ச் கொழுந்தன் ஜோபினுடையது.
ஞாயிறு சாயங்காலம் திருப்பித் தரணும்.
ஒவ்வொரு போல்ட்டும் டிக் என்றதும் கை எடுத்தேன்.
இன்னும் கொஞ்சம் இறுக்கேன் என்று
கை கெஞ்சியது.

வெள்ளி ராத்திரி அயனிமரக் கிளையில்
செயின் கட்டிப் பழையதை இறக்கினோம்.
பதினாலு வருஷ எண்ணெயில்
கடைசி வாயை என் செருப்பில் துப்பியது.

ஞாயிறு, கோயிலில் இரண்டாம் மணி.
சாவியைத் திருகினேன்.
ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது,
கார்புரேட்டர் வழியே பட்டென்று இருமியது.
ஏர் ஃபில்டரில் தீ.
ஜோபின் நனைந்த சாக்கோடு பாய்ந்தான்.
பெட்ரோல் வருகிறது. பிளக்கில் பொறி வருகிறது.
பெல்ட் புள்ளிக்குப் புள்ளி நேராய் நிற்கிறது.
ஒரு மணி நேரம்
இரண்டு பேரும் பேசவில்லை.

அப்புறம் பிளக் வயரை விரலால் எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று:
ஒன்றாம் கிளாசில் படித்தபடி கோர்த்திருக்கிறேன்.
அதன் வாய்ப்பாடு வேறு.
ஒன்று, மூன்று, இரண்டு.

மாற்றிக் குத்தினதும் பிடித்துக்கொண்டது.
குசினியில் இருந்து
"யாரு வண்டி வந்திருக்கு?" என்று மாமி கேட்டாள்.

புது ரிங் பழகுமட்டும்
ஐம்பதைத் தாண்டக் கூடாது.

திங்கள் காலை ஆறேகால்.
குளச்சல் பஸ் பின்னாலிருந்து ஆரன் அடிக்கிறது.
மீன் டெம்போ முந்துகிறது,
வாழைக்குலை கட்டிய ஸ்கூட்டரும்.
போனில் லில்லிபாய் டீச்சர்.
ராத்திரி எட்டு மணிக்குக் குடித்த கஞ்சிதான்,
தலை சுற்றுகிறதாம்.
"ஒரு வாய் காப்பி குடிக்கட்டா பிள்ளே?"
"குடிச்சிராதீங்க டீச்சர், இன்னா வந்துட்டேன்"
என்கிறேன்.

ஊசி
நாற்பத்தெட்டில் நிற்கிறது.