பதினெட்டு ஓடும்

பதினெட்டு ஓடும் அக்கா, என்றான் நிலுக்ஷன்,
வத்தளையில் சாவியைக் கையில் தரும்போது.
லீற்றருக்குப் பதினெட்டு. ஹைவே எண்டால் இருபது.
நான் சிரிக்கவில்லை.
ஏக்கருக்கு முப்பத்தைந்து மூட்டை என்று
கடன் படிவத்தில் எழுதுகிற ஆட்களோடு
பதினொரு வருசம் இருந்தவள்.
முப்பத்தைந்து என்றால் இருபத்திரண்டு.
பதினெட்டு என்றால்,
பார்ப்பம்.

சிவப்பு சுவிஃப்ட் ஸ்போர்ட்.
இரண்டு பேர் ஓட்டிக் கழித்தது.
கையால் மாற்றுகிற ஆறு கியர்,
பின்னால் இரட்டைப் புகைக்குழாய்,
கிரவல் ஒழுங்கையில் வயிறு உரசும் பதிவு.
மாங்குளத்தில் இது உனக்கு என்னத்துக்கு என்று
கேட்காத ஆள் கிராம சேவகர் மட்டும்தான்.
அவர் விலையைக் கேட்டார்.

கணக்கு லேசு.
பம்பு டக்கென்று நிற்கும்வரை அடி.
மீற்றரைப் பூச்சியமாக்கு.
ஓடு.
அதே செட், அதே பம்பு, திரும்ப நிறைய அடி.
ஓடினதை அடித்ததால் பிரி.

காரின் திரை பதினைந்தரை என்கிறது.
என் கொப்பி பதின்மூன்று புள்ளி ஒன்று.
காரும் கடன் படிவம் நிரப்புகிறது.

ஒலுமடு தாண்டினால் எருமைகள்,
பாதி வீதியில் நெல் காயும், மற்றப் பாதியில்
எதிரே வருகிற பஸ்.
கரிப்பட்டமுறிப்பில் ஐந்தாம் கியர் போட்டால்
ஒட்டுசுட்டானில் பொலிஸ்காரன் கையைக் காட்டுவான்.
எந்தச் சோதனைக் கூடத்தில் இவை எல்லாம் இருந்தன?

ரயர்ல காத்துப் பாருங்கோ மிஸ், என்றான் கராச் யூட்.
பிளக் மாத்துங்கோ. பிறகு உங்கட காலைப் பாருங்கோ.
பெற்றோல் தாங்கியில இல்லை, கால்லதான் இருக்கு.

யூட்டுக்கு என்னைவிட மூன்று வயதுதான் கூட.
தடை இருந்த காலத்தில்
போத்தல் மூடியால் நாலு துளி பெற்றோல் காட்டி உதைத்து
மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன்.
அது லீற்றருக்கு எவ்வளவு ஓடினது, என்று கேட்டேன்.
ஆர் மிஸ் அளந்தது?
போய்ச் சேந்தியா எண்டுதான் கேட்டவை.

கொப்பியில் இருப்பது:
தை, பதின்மூன்று புள்ளி நாலு.
மாசி, பன்னிரண்டு புள்ளி ஒன்பது. ஏசி.
பங்குனி, பதினொன்று புள்ளி இரண்டு.
தம்பி கீர்த்திசீலன் ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோனது.
மெதுவாத்தான் ஓடினனான், என்றான்.
நான் ஒன்றும் கேட்கவில்லையே.

சித்திரையில் ஒரு வரி:
ஓடினது எண்பத்தொன்பது.
அடித்தது எட்டுப் புள்ளி ஒன்பது.
பத்து.

அன்றைக்குத் துணுக்காய்ப் பக்கம்
தவச்செல்வியின் லாண்ட்மாஸ்டரை ஏற்றினார்கள்.
முப்பத்தைந்து மூட்டை என்று எழுதியிருந்தாள்.
மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு ஒன்பது.
அந்த முப்பத்தைந்தை நம்பாமலே
ஒப்பமிட்டவள் நான்.
பறிமுதல் தாளிலும் என் ஒப்பம்தான்.
அவள் அழவில்லை. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு,
நல்ல வடிவான கார், என்றாள்.

வவுனிக்குளத்து அணைக்கட்டில் நிற்பாட்டினேன்.
எஞ்சினை நிற்பாட்டவில்லை.
கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு,
இரண்டு மணித்தியாலம்.
ஊசி எண்ணூறில் நடுங்கிக்கொண்டே நின்றது,
ஆறாயிரம் வரைக்கும் போகக்கூடிய ஊசி.
ஒரு கொக்கு வந்து போனது.
இரண்டு லீற்றர், கொஞ்சம் கூட.

ஓடாமல் எரிந்ததை
எதால் பிரிக்கிறது?
பூச்சியத்தைப் பிரித்தால் பூச்சியம்தான் வரும்.
அதையும் சேர்த்துத்தான் அந்தப் பத்து.

நேற்று செட்டில் புதுப் பொடியன்,
பம்பைச் செருகிவிட்டு
இரட்டைப் புகைக்குழாயைக் குனிந்து பார்த்தான்.
என்ன ஓடும் அக்கா?

பதினாறு ஓடும், என்றேன்.
கொப்பி கைப்பைக்குள்தான் இருந்தது.