இல்லை என்ற கட்டம்

மொன்டானாவில் ஜனவரி.
ஜன்னலின் உள்பக்கத்திலும் பனி பூத்திருக்கிறது.
எங்கள் படுக்கையறையில் மின்விசிறி ஓடுகிறது,
மூன்று கம்பளிகளுக்கு அடியில் நான்.
இந்தச் சத்தம் நின்றால்
ராய்ஸுக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

விமானத் தளத்தில் ஆறு வருஷம்,
ஜெட் எஞ்சின்களுக்குப் பத்தடி தள்ளி நின்றவன்.
பாதிக் காதோடு வீடு வந்தான்.
மீதியில் ஓயாத ஒரு விசில்,
கொதிக்கும் கெட்டிலை யாரோ அடுப்பில் மறந்துவிட்டதுபோல.
ஆரம்பத்தில் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பான்.
அப்புறம் போவதில்லை.

கடிதம் மூன்று பக்கம்.
முதல் பக்கம் நாட்டுக்காக உழைத்ததற்கு நன்றி சொன்னது.
இரண்டாவது, இல்லை என்றது.
மூன்றாவது, மேல்முறையீட்டுக்கு ஒரு வருஷம் தந்தது.

காரணமும் போட்டிருந்தார்கள்:
படையைவிட்டு விலகிய அன்று அவன் நிரப்பிய மருத்துவத் தாள்.
காதில் இரைச்சல் உண்டா? இல்லை.
முதுகுவலி? இல்லை.
மேலிருந்து கீழே ஒரே வீச்சாக இறங்கியிருக்கிறது பேனா,
மணியடித்ததும் பள்ளிக்கூடப் படிகளில் ஓடுகிற பையன் மாதிரி.

கவுண்டி அலுவலகத்தில் இங்கர் ஸ்டோல் சொன்னாள்:
"தராசு சமமாக நின்றாலே போதும்,
சட்டம் அவர் பக்கம் சாயும்.
உங்கள் தட்டில் வைக்க ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது.
முப்பத்து மூன்று வருஷமாக, எனக்கே தெரியாமல்.

நேற்றிரவு சமையலறை மேசையில் எழுதினேன்:

அன்று தளத்தின் வாசலில், கடன் வாங்கிய காரில்,
எட்டு மாத வயிற்றோடு காத்திருந்தேன்.
எஞ்சினை அணைக்கவில்லை.
அணைத்தால் மறுபடி கிளம்பாத வண்டி.
ஒரு கட்டத்தில் 'ஆம்' என்று போட்டாலும்
பரிசோதனைக்கென்று இன்னும் இரண்டு வாரம்
நிறுத்திவைப்பார்கள் என்று வரிசையில் பேச்சாம்.
அவசரமாக வந்தான். ஹார்ன் அடித்தேன்.
என்னைத் தாண்டிப் போனான்.
இரண்டாம் தடவையும் அடித்தேன். திரும்பவில்லை.
நான் சிரித்தேன், ஐயா.
சந்தோஷத்தில் கண் தெரியவில்லை என்று நினைத்தேன்.

ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.
வண்டியில் ஏறியதும் அவன் கேட்ட முதல் கேள்வி:
"என்னமோ விசிலடிக்குதே, ரேடியேட்டரா?"

இல்லை என்றேன்.

தாளின் கடைசியில் ஒரு கட்டம்:
மேலே உள்ளவை எனக்குத் தெரிந்தவரை உண்மை.
அதில் டிக் போட
என் பேனாவுக்கு வெகுநேரம் பிடித்தது.