பகலில் தூங்க ஒரு தெரு

பிரிஸ்பேனிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர்
தனியாக ஓட்டி வந்தேன்.
முன்சீட்டில் மிக்ஸி. ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்
கார் கத்தியது; பெல்ட் போட்டுவிட்டேன்.

ப்ரோக்கன் ஹில் வந்ததும் போன் தானாகவே
அரை மணி பின்னால் போனது.
யாரும் கேட்டு வாங்காத அரை மணி.
என்ன செய்வதென்று தெரியாமல்
பெட்ரோல் பங்கில் நின்று
ஒரு பாக்கெட் சிப்ஸை முழுசாகத் தின்று முடித்தேன்.

செழியன் அங்கேயே இருக்கிறான், லீஸ் முடியும்வரை.
அவனுடைய எக்ஸெலில் அடிலெய்டின் பதினொரு பேட்டைகள்.
வாடகை, பள்ளிக்கூடம், ரயில், திருட்டு,
கறிவேப்பிலை கிடைக்கும் கடைக்குத் தூரம்.
பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி
ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு வைத்திருக்கிறான்.
மாட்பரிக்கு எட்டரை. சாலிஸ்பரிக்கு ஏழு.
பாரா ஹில்ஸ் சிவப்பில் கிடந்தது. ஏன் என்றேன்.
'ஹில்ஸ்னா மேடு. பெட்ரோல் யார் போடுறது?'

நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதான் என்றாள்
வார்டில் லின்ஸி.
அங்கே மட்டும் போய்விடாதே என்றார்
எக்ஸ்ரே அறைக்காரர்.
இரண்டு பேரும் சொன்னது ஒரே இடம்.

சனிக்கிழமை வீடு காட்டுகிறார்கள், பதினைந்து நிமிடம்.
வாசலில் முப்பது ஜோடி ஷூ.
உள்ளே ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி
அவனைத் திறந்து மூடுகிறோம்.
வடக்கு ஜன்னல், நல்ல வெயில் வரும் என்றாள் ஏஜென்ட்.
உலகத்தின் இந்தப் பாதியில்
சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது.
வாஸ்து எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததில்லை போல.

நான் பார்க்க வேண்டியது அதையெல்லாம் இல்லை.
புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு
இந்தச் சுவருக்கு என்ன கேட்கும்?
வாரத்தில் நாலு இரவு எனக்கு வேலை.
ஊர் புல் வெட்டும் நேரம்
எனக்கு நடுநிசி.

அதனால் டியூட்டி முடிந்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல்
தெருத் தெருவாகக் காரை நிறுத்தினேன்.
சீட்டைச் சாய்த்து, கண்ணை மூடி.
சாலிஸ்பரியில் ரயில்வே கேட் மணி,
மணி ஓய்ந்தால் விமானப்படை.
மாட்பரியில் புல்வெட்டி,
அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு புல்வெட்டி.
எட்டரை மார்க் வாங்கிய தெருவில் ஒரு நாய்
பிறந்ததிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாரா ஹில்ஸில் என்ன கேட்டது, தெரியாது.
யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மணி இரண்டேகால்.
மாவு படிந்த கறுப்பு ஷூ, பனியன்,
ஒரு கையில் குப்பைத்தொட்டி.
'உடம்பு ஏதும் சரியில்லையா?'
'வீடு பார்க்க வந்தேன்.'
'கண்ணை மூடிக்கொண்டா?'

என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார்.
பிறகு தன் படுக்கையறை ஜன்னலைக் காட்டினார்:
உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள்,
தம் போட்ட பிரியாணி மாதிரி.
'ரொட்டி ஃபேக்டரி' என்றார்.
'எதிர்வீடும் தூங்குகிறது, டாக்ஸி.
வியாழன் மட்டும் குப்பை வண்டி வரும்.'

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
இப்போதைய வீட்டை விட்டு வரக் காரணம்?
வேலை என்று எழுதினேன். இடம் அவ்வளவுதான்.
இந்த வீட்டைத் தேர்ந்தது ஏன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

செழியன் கேட்டான், இரவு போனில்:
'சரி, அந்தச் சிவப்புக்கு எவ்வளவு போடட்டும்?'
'நாலு மணி நேரம்.'
'பத்துக்கா?'

அலுமினியத் தாள் இரண்டு சுருள் வாங்கிவிட்டேன்.
மிக்ஸி இன்னும் பெல்ட்டோடுதான் இருக்கிறது.
வீடு கிடைத்ததா என்று
செவ்வாய்க்கிழமை சொல்வார்களாம்.