இரண்டு எழுத்துகள்

திங்களன்று செய்தி வந்தது.
செவ்வாயன்று அவன் மேலங்கி
சலவை அறையில், என் மேசையில் கிடந்தது,
கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மடக்கி.
அவனே துவைத்திருக்கிறான்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை.

இடது மார்பில் எச். எல்.
ஹானுஸ் லாம்ஹோகா.
நான் தைத்த எழுத்துகள், வெள்ளை நூல், இரட்டை இழை.
"பிரித்துவிடு மார்யுன், புது ஆளுக்கு ஆகும்"
என்றார் செயலாளர்.
ஃபரோ தீவுகளில் நாங்கள் எதையும் வீசுவதில்லை.
வீசுவது காற்றின் வேலை.

அவன் போன ஊர் ஹூசனேஸ்.
கடலுக்கு அடியில் சுரங்கப் பாதை,
காரில் பதினோரு நிமிடம்.
வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று
நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.
இங்கே உதவிப் பயிற்சியாளன்.
அங்கே, சுங்கக் கட்டணம் கட்டி வெளியே வந்தால்,
பயிற்சியாளர்.

மீன் ஆலையில்
கத்தியைக் கீழே வைக்காமலே ஏசினார்கள்.
"உப்புத் தின்ற இடம்" என்றாள் ஒருத்தி.
நாங்கள் எல்லோரும்
முழங்கை வரை உப்பில் நின்றிருந்தோம்.
அவன் தின்றது எத்தனை கரண்டி,
போட்டது எத்தனை கரண்டி,
யாரும் அளக்கவில்லை.

ஸ்வெர்ரி ஒன்றும் சொல்லவில்லை.
தலைமைப் பயிற்சியாளர் அல்லவா.
புதன்கிழமை தானே போய்க் கூம்புகளை வைத்தார்.
பையன்கள் ஓடிப் பார்த்துவிட்டு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
கூம்புகள் கடலைப் பார்த்து நின்றன.

ஆட்டத்தில் ஸ்வெர்ரி கத்தியதெல்லாம்
ஹானுஸின் உள்ளங்கையில் முதலில் எழுதியிருக்கும்.
எனக்குத் தெரியும்.
அந்தக் கையுறைகளின் உட்பக்கத்து மைக்கறையை
எந்தச் சோப்பும் எடுத்ததில்லை.

கோல்கீப்பர் தைதுர் பின்கதவில் வந்து நின்றான்.
"என் வலது தோள் அவனுக்குத் தெரியும்."
"எனக்கும் தெரியும்," என்றேன்,
"அந்தக் கட்டுத்துணியை யார் துவைக்கிறார்கள்?"
அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் ஹூசனேஸ் வந்தது.
பேருந்திலிருந்து இறங்கிய ஹானுஸ்
நேரே நடந்து வந்து
எங்கள் உடைமாற்றும் அறைக் கதவின் பிடியில் கை வைத்தான்.
வைத்த கை அப்படியே நின்றது.
நான் வாளியோடு நடைபாதையில்.
"கதவு மாறிப்போச்சு" என்றான்.
"கதவு மாறலை, ஹானுஸ்" என்றேன்.
நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூர்மையாக வந்துவிட்டது.

அவன் புது மேலங்கியில் முழுப் பெயர்.
இயந்திரத்தில் அச்சடித்தது.
பிரிக்க முடியாது, உரிக்கத்தான் முடியும்.

எழுபதாவது நிமிடம், கார்னர்.
காற்று மலையிலிருந்து இறங்கும் நேரம்
அவனுக்கு மனப்பாடம்.
பந்தைக் கோலைவிட்டு விலக்கி, கடல் பக்கமாக உதைத்தான் அவர்கள் பையன்.
வேலிக்கு அப்பால் படகில் காத்திருந்த கிழவர்
பந்து தனக்குத்தான் என்று துடுப்பை எடுத்துவிட்டார்.
காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தது.
தைதுரின் வலது பக்கம், தோளுக்கு ஒரு சாண் மேலே.
ஸ்வெர்ரி கத்தினார்.
சரியாகத்தான் கத்தினார்,
ஒரு நொடி தாமதமாக.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
பந்து வலைக்குள் போனபோது
என் கை பாதி உயர்ந்துவிட்டது.
எத்தனை வெள்ளிக்கிழமை மாலை
அதே கார்னரை வெறும் மைதானத்தில் பார்த்திருக்கிறேன்,
காயப்போட்ட ஜெர்சிகளுக்கு நடுவில்.
கையைக் கீழே இறக்கி,
முடியைச் சரிசெய்வதுபோல் செய்தேன்.

புது உதவியாளன் தான்யல்.
மேலங்கி அவனுக்குச் சரியாக இருக்கிறது.
அவன் எழுத்துகளை நான் இன்னும் தைக்கவில்லை,
நூல் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.
மழையில் நனைந்தால்
இடது மார்பில் ஊசித் துளைகள் தெரிகின்றன,
எச் தெளிவாக, எல் கொஞ்சம் மங்கலாக.
"இது என்ன, பூச்சி அரித்ததா?"
என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.