கன அடி

சனிக்கிழமை விடியுமுன்
கொதிகலனுக்குத் தீ மூட்ட வேண்டும்.
நீராவி கூட நாலு மணி நேரம்,
அதற்குள் ரெண்டு கடுங்காப்பி, அவித்த மரச்சீனி.

காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது, சட்டம்.
குலசேகரத்திலிருந்து லாரியில் ஏறி வருகிறது விறகு:
பால் வற்றிய ரப்பர் மரம்,
பட்டையில் இருபத்தைந்து வருடக் கத்தி
சாய்வாக எழுதிய கணக்கோடு.
மலையிலிருந்து தடி இறக்கப் போட்ட பாதைக்கு
மலைக்குத் தடி ஏற்றுகிறோம்.
லாரிக்கார அஜின் வாராவாரம் இதைச் சொல்லிச் சிரிப்பான்,
சிரித்த வாயோடு வாடகையைக் கூட்டிக் கேட்பான்.

அடுப்பில் போட்டதும்
மிச்சப் பால் சீறும்.
அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போவதில்லை.
ஞாயிறு ஆராதனையில்
பெஞ்சில் என் பக்கம் எப்போதும் இடம் இருக்கும்.

பெட்டி என்று எழுதிய பலகை தொங்கினாலும்
தடி கிடந்த தட்டு வண்டிதான்.
மேலே இருக்கை, இருக்கைக்கு ரெக்சின்.
அடியில் சங்கிலி அறுத்த பள்ளங்களில்
பிள்ளைகள் கடலைத் தோல் நிரப்புவார்கள்.

இஞ்சின் தகட்டில் பாரம் கன அடியில் இருக்கிறது:
அறுநூறு.
ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார்,
ஆளுக்கு எத்தனை கன அடி?
டிரைவர் வில்பிரட் என்னை
உச்சியிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு
ரெண்டரை என்றான்.
பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது.
நாகர்கோவில் குடும்பம் ஒன்று, பத்து.
நெய்யாற்றின்கரைக் கல்லூரிப் பிள்ளைகள், எழுபத்தைந்து.
ஏறியதெல்லாம் திரும்பி வந்து இறங்கும்.
ஈட்டிக்கும் அயனிக்கும்
அந்தச் சீட்டு கொடுத்ததில்லை.

போன வாரம் இடவப்பாதி பிடித்துக்கொண்டது.
ஒருத்தரும் வரவில்லை.
மூட்டிய தீயை வீணாக்க மனமில்லாமல்
வெறும் வண்டியை மேலே கொண்டுபோனோம்.
கடைசி நிறுத்தத்தில் வில்பிரட் விசில் அடிக்கவில்லை,
யாருக்கு அடிப்பது?
முக்கால் மணி நேரம் நின்றோம்.
என் கணுக்காலில் குடித்த அட்டை
தானே உருண்டு விழுந்தது.

கீழே வந்து பார்த்தால் இருக்கையெல்லாம் இலை.
வேங்கை, கோங்கு, பெயர் தெரியாத சிவப்புத் தளிர்,
முழுக் கிளை ஒன்று,
அதில் பாசி, பாசிக்குள் எறும்பு.
காட்டிலிருந்து எதுவும் இறங்கக் கூடாது.
வில்பிரட் பேனாவைத் திறந்து
கன அடிக் கட்டத்துக்கு நேரே
வெகுநேரம் பிடித்திருந்தான்.
எழுதாண்டாம் மக்கா, என்றேன்.

அடுத்த சனிக்கு மேலே ஏற்ற
கிளையைத் தார்ப்பாயால் மூடி வைத்தோம்.
எறும்புகள் அதற்குள்
ரெக்சின் கிழிசலுக்கு
முட்டை சுமக்கத் தொடங்கியிருந்தன.