வீசம்

சட்ட முன்வரைவு ஒரே பக்கம்தான்.
சிங்கி இறாலைக் கண்குழி தொடங்கி
முதுகோட்டின் விளிம்புவரை அளக்கையில்
இனிமேல் ஒரு வீசம் அங்குலம் கூடுதலாய் இருந்தால்தான்
படகில் வைக்கலாம்.
குறைந்தால் கடலுக்கு.

பதினாறில் ஒரு பங்கு.
வெட்டியெறியும் நகத்துண்டின் அகலம்.
அதற்காகத்தான் ட்ரஃப்டன் கோவில்
இரண்டு மாதமாய்
மளிகைக்கடை வரிசையில் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு. இருபத்துமூன்று கடிதங்கள்.
அகஸ்டாவில் இருக்கும் செனட்டரை இணங்கவைக்க வேண்டும்.
சமையலறை மேசையில் மதிப்பீட்டு அட்டவணை:
நிலைப்பாடு நான்கு, சான்று ஆறு,
எதிர்வாதத்துக்கு மறுப்பு ஆறு,
பிழையின்மை நான்கு.
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
சில தாள்களில் தூண்டில் மீனின் வாடை.

மெரிட் பீல் எதிர்க்கிறான்.
'மாண்புமிகு செனட்டர் அவர்களே,
நீங்கள் வெண்ணெயில் தோய்த்துத் தின்பதை
நாங்கள் பனியில் தோய்ந்து பிடிக்கிறோம்.'
ஓரத்தில் ஒரு சரி போட்டேன்.
சான்று? அவன் மாமா சொன்னாராம்.
இரண்டு.

மூன்று கடிதங்கள் ஒரே அச்சு,
சங்கத்தின் துண்டறிக்கையிலிருந்து
காற்புள்ளிகூட மாறாமல்.
பிழையின்மைக்கு நான்கு, நான்கு, நான்கு.

ஒடெஸா ஃபாக்கிங்ஹம் ஆதரிக்கிறாள்.
குஞ்சுகள் வருடாவருடம் குறைவதை
வண்ணப் பென்சிலால் வரைந்து ஒட்டியிருக்கிறாள்.
எதிர்வாதம்:
'என் அப்பா கேட்பார், இந்தக் குளிர்காலத் தவணையை
யார் கட்டுவது?'
அதன் கீழே எழுதி அடித்து,
எழுதி அடித்து,
தாள் கிழியும்வரை அடித்து,
கடைசியில்: 'இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும்.'
ஆனாலும் என்பதோடு முற்றுப்புள்ளி.

அட்டவணைப்படி மறுப்பு இல்லை. ஆறில் ஒன்று.
ஐந்து போட்டேன். அழித்தேன். நான்கு.
கால், அரைக்கால், வீசம் என்று
மதிப்பெண்ணை நறுக்கலாம் என்றால்
விடியும்வரை நறுக்கிக்கொண்டிருப்பேன்.

வில்லிஸ் அளப்பதைப் பார்த்திருக்கிறேன்.
பித்தளை அளவுகோலை ஓட்டின்மேல் ஒரு தட்டு,
அவ்வளவுதான்.
சிறியது தண்ணீரில் விழும் சத்தம் கேட்பதற்குள்
அடுத்தது கையில்.
'யோசித்தால் விரல் விறைத்துவிடும்' என்பான்.
அடிவயிற்றில் முட்டை ஒட்டியது வந்தால் மட்டும்
நிறுத்துவான். வால்மடலில்
கத்தியால் சின்னதாய் ஒரு வெட்டு.
அந்த வெட்டைக் கண்டவர் எவரும்
அதைப் பிடித்து விற்கக் கூடாது,
அளவு சரியாகவே இருந்தாலும்.

இருபத்துமூன்றாவது, கிடியன் லன்ட்:
'ஐயா, எங்கள் படகு செவ்வாய்க்கிழமை விற்றுப்போயிற்று.
எனவே இந்தச் சட்டம் பற்றி எனக்குக் கருத்து இல்லை.
இப்படிக்கு.'

நிலைப்பாடு பூஜ்யம். மறுப்பு பூஜ்யம்.
சான்று என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
ஆறு என்று எழுதினேன்.
பிழை இல்லை, அதற்கு நான்கு.
இருபதுக்குப் பத்து. தேறிவிட்டான்.
எதில் தேறினான் என்று
தலைமையாசிரியர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் வகுப்பில் கேட்டார்கள்:
'மிஸ், நீங்கள் எந்தப் பக்கம்?'
ஆசிரியருக்குக் கருத்து இல்லை என்றேன்.
படகு விற்றவன் எழுதிய அதே சொற்கள்,
படகு இன்னும் கட்டிக்கிடக்கும் வீட்டிலிருந்து.

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
உலைநீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.
வில்லிஸின் வண்டி விளக்கு
சன்னலில் திரும்பி அணைந்தது.
படியில் பூட்ஸைத் தட்டும் சத்தம்.

ஒடெஸாவின் நான்கை அடித்து ஆறு என்று எழுதி,
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.